அரை ஷேடு

சாயப்பட்டறைத் தெருவில் குடியிருப்பவனிடம் போய் உனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டுவிடாதீர்கள். அடிக்க வருவான். எங்கள் சாக்கடை ஒரு நாள் நீலமாக ஓடும், மறுநாள் பச்சையாக ஓடும். காலையில் கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை சாயங்காலமும் வெள்ளையாகவே இருந்தால் அது அன்றைய அதிர்ஷ்டம். அந்தத் தெருவில்தான், சாயமாஸ்டர் வீட்டு மாடி அறையில், நான் வாடகைக்கு இருந்தேன். எனக்கு வேலை மின்சார மீட்டர் கணக்கெடுப்பது. வீடு வீடாக ஏறி இறங்குகிறவனுக்கு மீட்டர் ஓடுவது பாதி தெரியும், வாய் ஓடுவது முழுசாகத் தெரியும்.

அந்த வருஷம் எல்லார் வாயும் ஒரே விஷயத்தில்தான் ஓடியது. புது மருத்துவத் திட்டம். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் என்று ஆயுசுக்கும் மாத்திரை தின்கிறவர்களுக்கு இலவசமாகக் கொடுக்க அரசாங்கம் தெருவுக்குத் தெரு மருந்தகம் திறந்தது. சும்மா கொடுத்தால் நாம் சும்மா இருப்போமா? எவன் மலிவாகத் தருகிறானோ அவனிடம் வாங்குகிறார்கள், கம்பெனி மாறும்போதெல்லாம் மாத்திரை மாறுகிறது, ஏழை உடம்பு என்ன சோதனைக்கூடமா என்று ஒரு கட்சி. காசு கொடுத்து வாங்கின காலத்தில் பாதி மாத்திரை தின்று பாதி உயிரோடு கிடந்தோமே, அது மறந்துபோச்சா என்று இன்னொரு கட்சி. டி.வி.யில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் நாற்பது பேர் கத்துவோம்.

மாஸ்டர் இந்தக் கத்தலில் சேரமாட்டார். அவர் பேச்செல்லாம் பட்டறையைப் பற்றித்தான். எந்தத் தொட்டியில் எந்தச் சாயம் எவ்வளவு என்று முடிவு செய்வது அவர்தான். பட்டறைக்குள் ஒரு வழக்கம் உண்டு. டிரம்மில் ஒட்டியிருக்கும் லேபிளை ஒருத்தரும் படிக்கமாட்டார்கள். பாதி லேபிள் ஆவியில் ஊறி விழுந்துவிடும். விழாதது பொய் சொல்லும், ஏனென்றால் வியாபாரி பழைய டிரம்மிலேயே வேறு பொடியைக் கொட்டி அனுப்புவான். அதனால் ஒரு சிட்டிகை பொடியை ஈரத்துணியில் தட்டிப் பார்ப்பார்கள். பார்ப்பது மாஸ்டர் கண். இரண்டு சிவப்பை அருகருகே வைத்து "இது அரை ஷேடு கூட" என்று அவர் சொல்லிவிட்டால் முதலாளிகூட மறுபேச்சுப் பேசமாட்டார். வெளியூர்க் கம்பெனிக்காரன் மெஷின் கொண்டுவந்து அளந்து பார்த்துத் தோற்றுப்போன கதையை அவர் வாயால் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! எனக்கே மனப்பாடம்.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். நனைந்த நூல் கட்டுகளைச் சுமந்துபோய்க் காயப்போடும் வேலை செய்தவர். மூச்சிரைப்பு வந்து, இதயத்தில் வால்வு மாற்றிய பிறகு வீட்டோடு இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தால் நெஞ்சுக்குள் டிக் டிக் என்று கேட்கும். "என்ன தம்பி, மணி பார்க்கிறீங்களா?" என்று அவரே கிண்டல் செய்வார். வால்வு போட்டவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை உண்டு. குறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும், கூடினால் உடம்புக்குள் எங்கேயாவது ரத்தம் ஒழுகும்.

அந்த மாத்திரையை எடுத்துக் கொடுப்பது மாஸ்டரின் வேலை. மருந்தகத்திலிருந்து வாங்கி வந்ததும் எல்லாவற்றையும் அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, பட்டறையில் சாம்பிள் பொடி வைக்கிற சின்னக் கண்ணாடிச் சீசாக்களில் கொட்டிவிடுவார். வெள்ளை ஒரு சீசா, ரோஸ் ஒரு சீசா. வெள்ளை பெரிய பவர், ரோஸ் சின்ன பவர். சாயங்காலம் வேலை விட்டு வந்து, சாயம் ஏறின கையைச் சோப்புப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்துக் கழுவி, வெள்ளை ஒன்று ரோஸ் இரண்டு என்று அக்காவின் உள்ளங்கையில் வைப்பார். கட்டிக்கொண்ட நாள் முதல் ஒரு புடவைகூட ஆசையாக வாங்கிக் கொடுத்ததில்லை, இதையாவது கொடுக்கிறாரே என்று அக்கா என்னிடம் சொல்லிச் சிரித்ததுண்டு.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு அக்கா எனக்கு ஒரு டம்ளர் தருவது வழக்கம் என்பதால் கீழே இறங்கினேன். அக்கா தொட்டியில் குனிந்து வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். துப்பியது சிவப்பாக இருந்தது.

"என்னக்கா இது?"

"ஈறுல ஏதோ புண்ணு தம்பி. காலையிலேர்ந்து நிக்கமாட்டேங்குது."

"கையில என்ன அது?"

முழங்கைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போய் இருந்தது. "கதவுல இடிச்சுக்கிட்டேன்னு நினைக்கிறேன்" என்றார். எந்தக் கதவு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து மகள் வேலையிலிருந்து வந்தாள். துணிக்கடையில் விற்பனைக்கு நிற்கிறவள். வீட்டில் பாப்பா என்று பெயர், நாக்கு மட்டும் கத்திரிக்கோல். அம்மாவின் புடவையை முழங்கால்வரை தூக்கிப் பார்த்தாள். இரண்டு காலிலும் அதே கன்றல். "ஐயோ அம்மா, இதை வெச்சுக்கிட்டா சோறு வடிச்சே!" என்று கத்தினாள். மாஸ்டர் வந்து சேர்வதற்குள் வாடகை வண்டியில் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டோம். வழியிலேயே அக்காவுக்குத் தலை சுற்றிவிட்டது.

வார்டு டாக்டர் சின்ன வயசுக்காரர், தூங்கிப் பல நாள் ஆன முகம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, என்ன மாத்திரை, கொண்டுவாங்க என்றார். நான் போன் செய்ததும் மாஸ்டர் இரண்டு சீசாக்களையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஈரத்தோடு ஓடிவந்தார். டாக்டர் ஒரு தட்டில் கொட்டி, கைபேசி வெளிச்சத்தில் மாத்திரையின் முதுகில் இருந்த பவர் நம்பரைப் படித்தார்.

"எப்படிக் குடுத்தீங்க?"

"எப்பவும் போலதாங்க. வெள்ளை ஒண்ணு, ரோஸ் ரெண்டு."

"இதுல ரோஸ்தான் பெரிய பவர். வெள்ளை சின்னது. தலைகீழா குடுத்திருக்கீங்க. ஒரு வாரமாவது இப்படிப் போயிருக்கும். அப்படின்னா உள்ளேயும் கசிஞ்சிருக்கும். மாத்து மருந்து போடறோம், ரத்தம் ஏத்தறோம். ரெண்டு நாள் தாண்டணும்."

மாஸ்டர் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பாப்பா டாக்டரை விடவில்லை.

"எப்படி சார் மாறும்? வருஷக்கணக்கா வெள்ளைதானே பெருசு?"

"கம்பெனி மாறியிருக்கும்மா. புதுக் கம்பெனி கலரைத் திருப்பிப் போட்டிருக்கான். மருந்து குடுத்தவங்க சொல்லலையா?"

டாக்டர் போய்விட்டார். பாப்பா அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, மருந்தகத்துல மருந்து குடுக்கற பொண்ணு சொன்னாளா?"

மாஸ்டர் சீசாக்களின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"உங்களைத்தாம்பா கேக்கறேன். கலர் மாறியிருக்குன்னு அந்தப் பொண்ணு சொன்னாளா, இல்லையா?"

"கூட்டமா இருந்துச்சு பாப்பா" என்றார். "யாரு சொன்னா, என்ன சொன்னா... சொன்ன மாதிரி தெரியலை."

அவ்வளவுதான். பாப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. மறுநாள் காலையிலேயே மைக்கைப் போய்ப் பார்த்துவிட்டாள். மைக் என்பது எங்கள் பகுதியில் திட்டத்துக்கு எதிராகப் பேசுகிற சங்கத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர். மைக் இல்லாமலே மூணு தெருவுக்குக் கேட்கும். மனுஷன் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். புது மாத்திரையால் வலிப்பு திரும்ப வந்துவிட்ட ஒரு பையனுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர். ஆனால் வாயில் அகப்பட்டதை மெல்லாமல் விழுங்குகிற ஆள். மத்தியானத்துக்குள் "இலவச மாத்திரை தின்றவர் உயிருக்குப் போராட்டம், எச்சரிக்கை செய்யாத ஊழியர்" என்று ஊர் முழுக்கப் பேச்சு. சாயங்காலம் மருந்தகத்து ஜன்னல் கண்ணாடியை யாரோ உடைத்தார்கள். மருந்து எடுத்துக் கொடுக்கிற பெண், படித்து முடித்து வந்த முதல் வேலை அது, பூட்டைப் போட்டுவிட்டு அழுதுகொண்டே போனாள். "நான் சொன்னேன், ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டே போனாள். யார் கேட்டார்கள்?

மருந்தகம் பூட்டினதும்தான் தெருவுக்குச் சூடு உறைத்தது. எதிர்வீட்டுத் தையல்காரருக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. கடையில் போய் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்து, "இனிமே டீயில சர்க்கரை போடாம குடிச்சிட்டு உயிரோட இருக்க வேண்டியதுதான்" என்றார். வார இறுதியில் மார்க்கெட் கூடத்தில் கூட்டம் என்று அறிவித்தார்கள். மேலிடத்து அதிகாரிகள் வந்து ஜனங்கள் சொல்வதைக் கேட்பார்கள். திட்டம் எங்கள் பகுதியில் தொடருமா, அந்தப் பெண்ணுக்கு வேலை இருக்குமா என்பது அதில்தான் தெரியும்.

நடுவில் ஒரு நாள் பட்டறைக்கு மீட்டர் பார்க்கப் போனேன். அக்கா அபாயம் தாண்டி, கண் விழித்துப் பேச ஆரம்பித்திருந்தார். அந்தத் தெம்பில் மாஸ்டரிடம் நாலு வார்த்தை பேசலாம் என்று உள்ளே நுழைந்தேன். உள்ளே ஒரே ஆவி. தரையில் சுடுதண்ணீர் கணுக்கால்வரை ஓடியது. நாலு பேர் ரப்பர் செருப்போடு நின்று, கழியில் கோத்த நூல் கட்டுகளைத் தொட்டிக்குள் அமுக்கித் திருப்பி அமுக்கித் திருப்பிக்கொண்டிருந்தார்கள். கருஞ்சிவப்பு ஓடிக்கொண்டிருந்த நாள். அவர்கள் முழங்கைவரை பார்க்கவே பயமாக இருந்தது. மாஸ்டர் ஒரு இழையை வெட்டி எடுத்து, பிழிந்து, நீராவிக் குழாயின்மேல் போட்டுக் காயவைத்தார். காய்ந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன மாஸ்டர், சரியா இருக்கா?" என்று தொட்டிக்காரர் கேட்டார்.

"இருக்கும்னு நினைக்கிறேன்."

தொட்டிக்காரர் என் முகத்தைப் பார்த்தார். மாஸ்டர் வாயில் 'நினைக்கிறேன்' என்ற வார்த்தையை அந்தப் பட்டறை அதுவரை கேட்டிருக்காது. "இன்னொரு தடவை நீயே பாரு" என்று இழையை அவர் கையில் கொடுத்துவிட்டு, மாஸ்டர் என்னை மீட்டர் பெட்டி இருக்கிற மூலைக்குக் கூட்டிப்போனார்.

"தம்பி, அந்தப் பொண்ணு சொல்லுச்சு."

எனக்குப் புரியவில்லை. "எந்தப் பொண்ணு?"

"மருந்தகத்துப் பொண்ணு. அட்டையை என் கையில குடுத்து, 'அங்கிள், இந்தத் தடவை கலர் மாறியிருக்கு, கலரைப் பார்க்காதீங்க, நம்பரைப் பார்த்துக் குடுங்க'ன்னு சொல்லுச்சு. தெளிவா சொல்லுச்சு. பின்னாடி ஆளு நின்னுக்கிட்டிருந்தாங்க. நான் சிரிச்சேன் தம்பி. 'கலரைப் பத்தி எனக்கே பாடமா அம்மாடி? நான் யாருன்னு தெருவுல கேட்டுப் பாரு'ன்னு சொல்லிட்டு வந்தேன்."

"மாஸ்டர்!"

"கேளு. வீட்டுக்கு வந்து பிதுக்கிக் கொட்டறேன். என் கண்ணுக்கு அது படாம இருக்குமா? பட்டுச்சு. பழைய ரோஸைவிட இது அரை ஷேடு கூட. கொஞ்சம் நீலம் கலந்த ரோஸ். வெள்ளையும் பால் வெள்ளை இல்லை, லேசா மங்கல். ரெண்டும் மாறியிருக்குன்னு அந்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு. சீசாவுல ரோஸ் கம்மியா இருக்கே, வெள்ளை நிறைய இருக்கேன்னு கூடப் பட்டுச்சு."

"தெரிஞ்சுமா குடுத்தீங்க?"

"சரக்கு லாட் மாறினா ஷேடு மாறும் தம்பி. அரை ஷேடு வந்தா விட்டுடுவோம். ஒரு ஷேடு வந்தாத்தான் திருப்பி அனுப்புவோம். வாழ்க்கை பூரா அப்படித்தானே பார்த்திருக்கேன்? சரி, லாட் மாறியிருக்குன்னு மூடியை மூடிட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்தப் பெண் அழுதுகொண்டு போனதை நான் கண்ணால் பார்த்தவன். "பாப்பாகிட்ட ஏன் பொய் சொன்னீங்க?" என்றேன்.

"அவ அம்மா அப்ப உள்ளே பேச்சுமூச்சில்லாம கிடந்தா. நான்தான் குடுத்தேன், சொல்லியும் கேக்காம குடுத்தேன்னு எந்த வாயால சொல்றது? பொண்டாட்டிக்கு விஷம் வெச்ச மாதிரில்ல ஆகிப்போச்சு." அவர் அழவில்லை. சாயம் ஊறின கையால் முகத்தைத் துடைத்ததில் கன்னத்தில் கருஞ்சிவப்பாகக் கோடு விழுந்தது. "இந்தக் கண்ணை வெச்சுத்தான் தம்பி இந்தத் தெருவுல எனக்கு மரியாதை. வேற என்ன இருக்கு என்கிட்ட? எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுதான் படிப்பு."

"உங்க மரியாதைக்கு அந்தப் பொண்ணு வேலை போகணுமா? தையல்காரர் சர்க்கரைக்கு எங்க போவார்? நாளைக்கு அக்காவுக்கே மாத்திரை எங்க வாங்குவீங்க?"

"தெரியுது."

"கூட்டத்துல நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

தொட்டிக்காரர் கூப்பிட்டார், மாஸ்டர் போய்விட்டார். மீட்டரில் என்ன எண் ஓடியது என்று பார்க்காமலே நானும் வெளியே வந்துவிட்டேன், திரும்ப ஒரு நடை போகவேண்டியதாயிற்று.

கூட்டத்தன்று மார்க்கெட் கூடத்தில் எள் போட்டால் எள் விழாது. மேஜைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. முதலில் மூட்டை தூக்குகிறவர் ஒருவர் எழுந்தார். "நான் பிரஷர் மாத்திரையை ஒரு நாள் தின்னு ஒரு நாள் தின்னாம இருந்தவன். இப்பதான் தெனமும் திங்கறேன். இதை நிறுத்தினா எங்களுக்குச் சங்குதான்" என்று உட்கார்ந்தார். கைதட்டினார்கள். அடுத்து வலிப்புப் பையனின் அம்மா எழுந்தார். "கம்பெனி மாறினதுலேர்ந்து என் பிள்ளை ரெண்டு தடவை ரோட்டுல விழுந்துட்டான். மலிவு வேணும்தான். அதுக்குன்னு ஆறு மாசத்துக்கு ஒரு மாத்திரையா? யாராவது பரிசோதிச்சீங்களா?" அதற்கும் கைதட்டினார்கள். இரண்டும் நியாயமாகத்தான் பட்டது எனக்கு. நியாயம் ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்திருந்தால் கூட்டம் எதற்கு?

பிறகு பாப்பா. நன்றாகப் பேசினாள். குரல் ஓர் இடத்தில்கூட உடையவில்லை. "எங்கம்மா உடம்புல ஊசி குத்தின இடமெல்லாம் ரத்தம் நிக்காம வந்துச்சு. கலரைத் தலைகீழா மாத்தி அனுப்பறவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் வராதா? இலவசம்னா அலட்சியமா?" என்று கேட்டுவிட்டு, ஓரத்தில் உட்கார்ந்திருந்த மருந்தகத்துப் பெண்ணைக் காட்டினாள். கூடமே அவள் பக்கம் திரும்பியது.

அந்தப் பெண் எழுந்து, "நான் சொன்னேன் மேடம்" என்றாள். "நம்பரைப் பார்த்துக் குடுங்கன்னு சொன்னேன்." ஊ என்று கூச்சல். "புளுகாதே!" என்று யாரோ கத்தினார்கள். மைக் எழுந்து, "ஒரு தாயோட உயிர் போய்த் திரும்பியிருக்கு. இன்னமும் பொய்யா?" என்றார். கூடம் அதிர்ந்தது.

கண்ணாடி அம்மா கையைத் தூக்கினார். "மாத்திரை வாங்கினது யாரு? அவர் வந்திருக்காரா?"

மாஸ்டர் கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. நான் அவர் முழங்கையைத் தொட்டேன். பாப்பா மேஜைப் பக்கமிருந்தே, "அப்பா, எழுந்து சொல்லுங்கப்பா" என்றாள்.

எழுந்தார். துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். "அந்தப் பொண்ணு சொல்லுச்சுங்க" என்றார்.

யாருக்கும் காதில் விழவில்லை. "சத்தமா!" என்றார்கள்.

"சொல்லுச்சுங்க! கலரைப் பார்க்காதீங்க, நம்பரைப் பாருங்கன்னு சொல்லுச்சு. நான்தான் கேக்கலை. கேலி பண்ணிட்டு வந்துட்டேன். மாத்திரை மாறியிருக்குன்னு என் கண்ணுக்கும் தெரிஞ்சுது. அரை ஷேடுதானேன்னு விட்டுட்டேன். என் கையாலதான் குடுத்தேன். அந்தப் பொண்ணு மேல பழி போடாதீங்க."

பட்டறை ஆட்கள் தலை குனிந்துகொண்டார்கள். பாப்பா அப்பாவைப் பார்த்த பார்வையை நான் சொல்லமாட்டேன். பையை எடுத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டாள். மைக் மட்டும் விடவில்லை. "யாரோ இவரைப் பயமுறுத்தியிருக்காங்க!" என்றார். "ஒருத்தரும் பயமுறுத்தலைங்க" என்றார் மாஸ்டர். "பயம் இருந்ததாலதான் இத்தனை நாள் சொல்லலை."

கண்ணாடி அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததே, அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. "அப்ப இது குடும்பத்தாரோட கவனக்குறைவு. திட்டத்துல கோளாறு எதுவும் இல்லை. சரிதானே?" என்று பக்கத்து அதிகாரியிடம் கேட்டார். அவரும் தலையாட்டினார்.

"சரியில்லை மேடம்" என்றாள் மருந்தகத்துப் பெண். இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. "நான் சொன்னேன்தான். ஒரு ஜன்னல், ஒரு ஆளு, காலையிலேர்ந்து கூட்டம். எத்தனை பேருக்கு நான் சொன்னது காதுல விழுந்துச்சோ எனக்கே தெரியாது. அந்த நம்பரை விளக்கு போட்டாத்தான் நானே படிக்கிறேன். சின்ன பவர் கலரைப் பெரிய பவருக்குப் போட்டு அனுப்பினது யாரு மேடம்? இவரா?"

"அது கொள்முதல் பிரிவு. இந்தக் கூட்டத்துக்கு சம்பந்தமில்லை."

கூடம் சிரித்தது. என்ன சிரிப்போ! மருந்தகம் திங்கட்கிழமை திறக்கும், புகார் மேலே அனுப்பப்படும் என்று சொல்லி எழுந்துவிட்டார்கள். வலிப்புப் பையனின் அம்மா அவர்கள் பின்னாலேயே காரடிவரை ஓடினார்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. மருந்தகத்துப் பெண் குடையை விரித்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் அவள் அருகே போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். "மன்னிச்சிடு அம்மாடி."

அவள் குடையைச் சாய்த்து அவரைப் பார்த்தாள். "நீங்க முதல் நாளே சொல்லியிருக்கலாம் அங்கிள். எங்கம்மா ஒரு வாரமா வெளியே தலைகாட்டலை. கடைக்குப் போனா, 'உன் பொண்ணு ஆளைக் கொல்லப் பார்த்தாளாமே'ன்னு கேக்கறாங்க. நீங்க இன்னைக்கு ஒருதடவை சொன்னது அத்தனை பேர் காதுக்கும் போய்ச் சேருமா?" என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை. போய்விட்டாள். அவள் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? மாஸ்டர் குடை இல்லாமல் அப்படியே நின்றார், நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம் தம்பி. பாப்பா சொல்றதுக்கு முன்னாடி நான் உன் அக்காகிட்ட சொல்லணும்."

ஆனால் பாப்பா எங்களுக்கு முன்பே வந்திருந்தாள். வார்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அப்பா பக்கம் திரும்பாமல் என்னிடம், "நான் எதுவும் சொல்லலைன்னு சொல்லிடுங்க. அவர் வாயாலயே சொல்லட்டும். இனிமே அம்மாவுக்கு மாத்திரை நான்தான் குடுப்பேன், அதையும் சொல்லிடுங்க" என்றாள். ஒரு கை தூரத்தில்தான் அவர் நின்றுகொண்டிருந்தார்.

அக்கா தலையணைக்கு முதுகைக் கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்து, டம்ளரில் கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்தார். கையின் கன்றல் மஞ்சளும் பச்சையுமாக மாறத் தொடங்கியிருந்தது. "வாங்க தம்பி, மீட்டர் எவ்வளவு ஓடியிருக்கு?" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் கிளம்பப் பார்த்தேன், "நீயும் இரு" என்றார்.

சொன்னார். மருந்தகத்து ஜன்னலில் சிரித்தது, பிதுக்கிக் கொட்டியது, அரை ஷேடு என்று விட்டது, பாப்பாவிடம் பொய் சொன்னது, இன்று கூட்டத்தில் சொன்னது எல்லாம். நடுவில் ஒரு இடத்தில்கூடத் தனக்காகப் பேசிக்கொள்ளவில்லை. அக்கா டம்ளரைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் ஆச்சரியம் ஏதும் தெரியவில்லை. எனக்கு அது என்னவோ போல இருந்தது.

"உன்னைக் கொன்னிருப்பேன்டி" என்றார் மாஸ்டர் கடைசியில். "எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் குடுத்துட்டேன்."

"எனக்கும்தான் தெரிஞ்சுது" என்றார் அக்கா.

"என்னது?"

"முதல் நாளே தெரிஞ்சுது. ரோஸ் கொஞ்சம் கூடுதலா இருக்கேன்னு. நானும் அத்தனை வருஷம் நூல் காயப்போட்டவதானே? கையில வெச்சுப் பார்த்தேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பித் துண்டை எடுத்துக்கிட்டிருந்தீங்க."

"ஏன்டி என்னைக் கேக்கலை?" அவர் குரல் எழும்பியதில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

அக்கா டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"கலரைப் பத்திக் கேட்டா உங்களுக்குக் கோவம் வருமே. அதான் முழுங்கிட்டேன்."